ஸ்டெல்லா போட்ட பூட்டு

ரிட்டயர் ஆன அன்றைக்குச் சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், என்னைப் பற்றி நானே கேள்விப்படாத நல்ல விஷயங்களையெல்லாம் மைக்கில் சொன்னார்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது எலக்ட்ரிகல் பிரிவுப் பிள்ளைகள் சிலர் பிடித்துக்கொண்டார்கள். "வேலைக்கும் வந்துக்கினு படமும் எடுத்தீங்களாமே, எப்டி சார்?" என்று கேட்டார்கள். அவர்களுடைய கவலை எனக்குப் புரிந்தது. மில்லுக்குள் வீடியோ எடுத்தால் நடவடிக்கை என்று அந்த வாரம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஃபர்னஸ் முன்னால் நின்று டான்ஸ் ஆடி ரீல்ஸ் போட்டால் ஒட்டாமல் என்ன செய்வார்கள்?

அன்றைக்குப் பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது வேறு வேலை எதுவும் இல்லை, எழுதுகிறேன். இதில் அறிவுரை எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நானே உபயோகப்படுத்தியிருப்பேன்.

ஐ.டி.ஐ. முடித்தேன், அப்ரண்டிஸ் என்ற பெயரில் டீ வாங்கிக் கொடுத்தேன், பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் மில்லில் எலக்ட்ரீஷியன் ஆனேன். இரும்புக் கட்டையைச் சிவக்கக் காய்ச்சி உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் கம்பியாக ஓடி வரும். அது ஓடுகிறவரை எலக்ட்ரீஷியனை நாய்கூடச் சீந்தாது. நின்றுவிட்டால் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள். என் உத்தியோகம் மொத்தமும் இவ்வளவுதான்.

பொன்னேரியில் ஒரு கல்யாண வீடியோக்காரர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு துபாய்க்குப் போனார். அவருடைய கேமராவை நான் வாங்கினேன். கிரைண்டர் வாங்கக் கிளம்பிய ஆள் கேமராவோடு வந்து நின்றதை என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் ஊறவைத்த அரிசியைக் கொண்டுவந்து கேமரா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் நான்தான் மாவரைத்துக்கொண்டு வந்தேன்.

வேலையில் இருந்துகொண்டு படம் எடுப்பதில் பணமோ திறமையோ பெரிய பிரச்சினை இல்லை, இரண்டும் இல்லாமலேயே பலர் எடுக்கிறார்கள். பிரச்சினை ஷிப்ட்தான். கதாநாயகன் ஏ ஷிப்ட், வில்லன் பி ஷிப்ட், டைரக்டர் சி ஷிப்ட். என் முதல் குறும்படத்தில் நாயகனும் வில்லனும் கடைசிவரை நேருக்கு நேர் சந்திக்கவே மாட்டார்கள். சென்னையில் அதைப் பார்த்த ஒருவர், எதிரியைக் கண்ணில் காட்டாத உத்தி அபாரம் என்று பாராட்டினார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். எங்களுக்கெல்லாம் ஒன்றாக ஓய்வு கிடைப்பது ரோலோ பேரிங்கோ உடைந்து மில் நின்றால்தான். முதலாளிக்கு நஷ்டம், எங்களுக்கு ஷூட்டிங்.

அடுத்த பிரச்சினை தொண்டை. மில் இரைச்சலில் வருஷக்கணக்காக வேலை செய்தவனுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்துபோயிருக்கும். கிரேன் ஓட்டும் ஏழுமலைதான் எங்கள் நிரந்தரக் கதாநாயகன். ஆள் நல்ல உயரம், மீசையும் பரவாயில்லை. அவன் காதலியின் காதோடு சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னபோது எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "இங்க இன்னா தகராறு?" என்று கேட்டார். அதிலிருந்து முடிந்தவரை வசனத்தைக் குறைத்துக் கைச்சைகையை வைத்தேன். இரைச்சலில் காது கேட்காததால் மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. தண்ணீர் வேண்டும், மேலே தூக்கு, நிறுத்து, சாப்பிடப் போகிறேன், மேனேஜர் வருகிறார், எல்லாம் கையாலேயே.

அந்தக் கடைசிச் சைகையை நாங்கள் அதிகம் காட்டியது வரதராஜன் சாருக்காக. அவர் எங்கள் எலக்ட்ரிகல் பிரிவின் தலைவர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் மெல்லிசாக ஒரு கோடு, அதற்கு மேல் மஞ்சள் ஹெல்மெட். சத்தம் போட்டுத் திட்டி யாரும் பார்த்ததில்லை. எங்களிடம் பேசும்போது எங்கள் தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். யாரைப் பார்த்தாலும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சாவி திருப்புவது மாதிரி ஒரு திருப்புத் திருப்புவார். "லாக் போட்டாச்சா?" என்று அர்த்தம். என் கல்யாணத்துக்கு வந்தவர், நான் தாலி கட்டி நிமிர்ந்ததும் கீழே நின்றபடி அதே சைகையைக் காட்டினார். நானும் பழக்கதோஷத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அது ஆல்பத்தில் இருக்கிறது.

அந்த லாக் விஷயத்தைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. மெஷினில் இறங்கி வேலை செய்வதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவோம். அந்தச் சாவியைச் சிவப்பு நிற இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் போட்டு மூடுவோம். பெட்டியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அந்த வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் அதில் தன் பெயர் போட்ட பூட்டை மாட்டி, தன் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவனவன் பூட்டை அவனவன் எடுப்பான். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் மெஷின் ஓடாது, முதலாளியே வந்து நின்றாலும் ஓடாது. அந்தப் பூட்டுக்குச் சொந்தக்காரனின் கை இன்னும் உருளைக்குள் இருக்கலாம் அல்லவா? அடுத்தவன் பூட்டில் கை வைப்பதைப் போன்ற பாவம் எங்கள் மில்லில் வேறு கிடையாது. குடித்துவிட்டு வந்தவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள்.

வரதராஜன் சார் மாட்டிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், ஆளின் முகத்தைப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். பிறகு "யார் யார் உள்ளே?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் வாயால் சொன்னால்தான் கையெழுத்துப் போடுவார். ஊருக்கே தெரிந்த ஏழுமலைகூட ஒவ்வொரு தடவையும் "ஏழுமலை சார்" என்று சொல்லியாக வேண்டும்.

இந்தப் பெட்டி எங்கள் சினிமாவுக்குள் வந்ததற்குக் காரணமும் ஏழுமலைதான். ஒரு குறும்படத்தை நான் பாதி வெட்டி வைத்திருந்தபோது பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போய், தன் பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்தையும் சேர்த்து யூடியூபில் போட்டுவிட்டான். பெரிய சண்டை ஆனது. அப்புறம்தான் இனி எந்தப் படமும் மில் முறைப்படிதான் வெளியே போகும் என்று முடிவு செய்தோம். உதவாது என்று கண்டம் செய்து போட்டிருந்த பழைய சிவப்புப் பெட்டி ஒன்று என் வீட்டுக்கு வந்தது. படம் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அதற்குள் வைத்து, வேலை செய்த எல்லோரும் பூட்டுப் போட வேண்டும். படத்தைப் பார்த்து, என் வேலை முடிந்தது என்று திருப்திப்பட்டவன் தன் பூட்டை எடுக்கலாம். எல்லாப் பூட்டும் கழன்றால் ரிலீஸ். காப்பி எடுத்து வைத்துக்கொள்ளவில்லையா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். காப்பியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

இனி அந்தப் படம். பெயர் 'ஏழுமலை தூங்குகிறான்'. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் பகலில் தூங்கப் படும் பாடுதான் கதை. பழைய இரும்புக்காரன் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் கூழ் ஊற்றும் விழா, சீட்டுப் பணம் வசூலிக்க வருகிறவர்கள், அவன் கண்ணை மூடினால் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். மனைவி பாவம் தெருவெல்லாம் ஓடி ஓடி ஒவ்வொரு சத்தமாக அடக்குவாள். முக்கால் மணி நேரப் படம். மனைவியாக நடித்தது ஸ்டெல்லா.

ஸ்டெல்லா கம்பிகளைக் கட்டாகக் கட்டி அடையாளத் தகடு மாட்டும் இடத்தில் கான்ட்ராக்டில் இருந்தாள். பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆரணிதான் அவளுக்கும் ஊர். அவள் அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள், இவள் தலைமுறையில் எல்லோரும் மில்லுக்கு வந்துவிட்டார்கள். சர்ச் நாடகத்தில் நடித்த அனுபவம் இருந்தது. எங்கள் கூட்டத்திலேயே நடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அதை ஏழுமலை இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. காலை ஷிப்ட் முடித்து நேராக ஷூட்டிங்குக்கு வருவாள். உடை மாற்ற நேரமிருக்காது, மில் ஓவர்கோட்டோடு நிற்பாள். வெளிச்சம் போய்விடுமே என்று நானும் அப்படியே எடுத்துவிடுவேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி சொந்தப் பூட்டுக் கொடுப்பதில்லை, வேறு யாருடைய பூட்டையாவது நம்பித்தான் வேலை செய்ய வேண்டும். அதனால் எங்கள் பெட்டிக்காக அவளே கடையில் ஒரு பூட்டு வாங்கி, அதில் நெயில் பாலிஷால் தன் பெயரை எழுதிக்கொண்டு வந்தாள்.

படம் முடிந்தது. சென்னையில் ஒரு போட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். எனக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது முன்பின் தெரியாத ஒருவன் என் படத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்த ஆசைக்காகத்தான் அவ்வளவு வருஷம் மாவரைத்தேன். வேலை செய்த எல்லோரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிஸ்க் பெட்டிக்குள் திரும்பிப் போனது, ஒவ்வொருவராகப் பூட்டைக் கழற்றினார்கள். ஸ்டெல்லா தன் பூட்டை இழுத்துப் பார்த்தாள், சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள், "வரேண்ணே" என்று கிளம்பிவிட்டாள்.

டைட்டிலில் பெயர் சின்னதாக வந்த கோபம் என்று நான் நினைத்தேன். நடிப்புப் பொறாமை என்றான் ஏழுமலை. "கட்டர் எடுத்துக்கினு வரேன், ரெண்டே அமுக்கு" என்றும் சொன்னான். கட்டரைக் கொண்டும் வந்தான். அதைக் கையில் வாங்கிய பிறகு என்னால் முடியவில்லை. அவ்வளவு வருஷம் பழகிய கை, அடுத்தவர் பூட்டு என்றதும் கூசுகிறது. ஆனால் பூட்டை உடைப்பதற்கும் மில்லில் ஒரு முறை உண்டு. பூட்டின் சொந்தக்காரர் இல்லாத நேரத்தில் பிரிவுத் தலைவர் விசாரித்து அனுமதி கொடுத்தால் உடைக்கலாம். அந்த அனுமதியை வாங்குவது என்று முடிவு செய்தோம். இப்படியும் இரண்டு முட்டாள்கள் இருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தோம்.

பெட்டியை அரிசிப் பையில் போட்டு வரதராஜன் சார் அறைக்குக் கொண்டுபோனோம். தயிர்சாத டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதில் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. நாங்கள் கழற்றி வைத்திருந்த பூட்டுகள் அத்தனையும் கம்பெனிப் பூட்டுகள், எங்கள் எண்ணோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனிப் பொருளை வீட்டில் வைத்திருந்ததற்குச் சாட்சியை நானே சுமந்து வந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பார்த்தால் ஏழுமலை ஏற்கெனவே வாசல் வரை பின்வாங்கியிருந்தான்.

சார் முறைப்படியே கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது, யார் யார் அதில் வேலை செய்தார்கள், தொங்குகிற பூட்டு யாருடையது. எல்லாம் சொன்னோம். ஸ்டெல்லா இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறாளா என்றார். வந்திருக்கிறாள் என்றோம்.

"ஏன் பூட்டியிருக்கான்னு அவளைக் கேட்டேளா?"

வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. அவளைக் கேட்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. பொறாமை என்றோம், கோபம் என்றோம், கட்டர் என்றோம், கேட்கவில்லை. சார் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தார், பின்னாலேயே போனோம்.

கம்பி கட்டும் இடத்தில் காது கிழிகிற சத்தம். சார் ஸ்டெல்லாவைப் பார்த்து அந்தச் சாவித் திருப்பலைக் காட்டி, ஏன் என்று கையை விரித்தார். அவள் கையுறையைக் கழற்றினாள். ஏழுமலையைச் சுட்டிக் காட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். பிறகு தன்னைச் சுட்டிக் காட்டி அதேபோலத் தலையைச் சாய்த்து, இல்லை என்று கையை ஆட்டினாள். சார் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கேன்டீனுக்குக் கூட்டிப் போன பிறகு வாயாலேயே சொன்னாள்.

"படம் முச்சூடும் அவரு தூங்கணும்னு நான் ஓடிக்கினே கீறேன். சரி, ஓடுறேன். ஆனா மில்லு கோட்டு போட்டுக்கினுதானே ஓடுறேன்? அப்போ அந்தப் பொம்பளையும் வேலைக்கிப் போயிட்டு வர்றவதானே? அவ எப்பண்ணே தூங்குனா?"

எழுதியது நான், எடுத்தது நான், நூறு தடவை வெட்டி ஒட்டியது நான். அந்தக் கோட்டு ஒவ்வொரு காட்சியிலும் என் கண்முன்னாலேயே இருந்தது. படத்தைப் பார்த்துச் சிரித்த எங்களில் ஒருத்தனுக்கும் அது உறைக்கவில்லை.

"அவ தூங்குறத எடுங்க. அப்பால தொறக்கிறேன்" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குக் கோபம்தான் வந்தது. இது ஏழுமலையின் கதை, தலைப்பே அதுதான், நாள் வேறு இல்லை, உன் கதையை அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் பேசினேன். வரதராஜன் சார் டீயைக் குடித்து முடித்தார். "வேலை முடியல. பூட்டு சரிதான்" என்றார். எழுந்திருக்கும்போது, கம்பெனிப் பூட்டு எல்லாம் மறுநாள் ஸ்டோருக்குப் போயிருக்க வேண்டும் என்றும், தவறினால் விசாரணைக்கு எங்கே வந்து உட்கார வேண்டும் என்றும் அமைதியாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு முன்னறையில் பாய் விரித்தேன். மாலைக்குள் ஏற்றிவிடலாம் என்று கணக்கு. ஸ்டெல்லா காலையில் சர்ச்சுக்குப் போய், பிறகு துணி துவைத்து, சமைத்துப் போட்டுவிட்டு, அதே ஓவர்கோட்டோடு வந்து படுத்தாள். அவ்வளவு நன்றாக நடிக்கிறவளுக்குத் தூங்குவது மட்டும் வரவில்லை. இமை துடிக்கும், சிரிப்பு வரும், சும்மா இருக்கும் கொசுவத்தியை எழுந்து தள்ளி வைப்பாள். கட், மறுபடி, கட், மறுபடி. கண்ணை மூடிச் சும்மா கிட, நான் சொல்கிறேன் என்று கேமராவை ஓடவிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நிஜமாகவே தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கை பாய்க்கு வெளியே விழுந்து கிடந்தது, தகடு கிழித்த தழும்புகளோடு.

எனக்கு வேண்டிய அளவு சீக்கிரமே கிடைத்துவிட்டது. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்ந்து தொங்கியது. எழுப்பினால்தான் பெட்டி திறக்கும், திறந்தால்தான் போட்டி. அப்போது தெருமுனையில் பழைய இரும்புக்காரனின் ஆட்டோ ஒலிபெருக்கி கேட்டது, கேட்டவுடனே நின்றும்போனது. எட்டிப் பார்த்தேன். பூட்டைக் கழற்றும்போது பிரிவுத் தலைவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் திருவள்ளூரிலிருந்து பஸ் பிடித்து வந்த வரதராஜன் சார், வேட்டி சட்டையில் நடுத்தெருவில் நின்று, கிரேனை நிறுத்தும் சைகையை அந்த ஆட்டோவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஏழுமலையிடம், நேரமாகிறது, எழுப்பு என்றேன். ஏழுமலை வாழ்க்கையில் முதல்தடவையாக மெதுவாகப் பேசினான்.

"நீ வேணா எழுப்புண்ணே. என்னால ஆவாது."

என்னாலும் முடியவில்லை. என் மனைவி வந்து பார்த்தாள், போய் அடுப்பிலிருந்த குக்கரை இறக்கிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். வெயில் சுவரில் ஏறி, ஓட்டின் மேல் போய், இல்லாமல் ஆனது. கேமரா பேட்டரி தீர்ந்து தானாக அணைந்தது. நாங்கள் விளக்குகூடப் போடவில்லை. ஸ்டெல்லா முழித்தபோது மணி என்னவென்று கேட்டாள். சொன்னேன். போட்டி போச்சே, ஏன் எழுப்பவில்லை என்று சார் உட்பட எங்கள் எல்லோரையும் வரிந்து கட்டிக்கொண்டு திட்டினாள். பிறகு தன் பூட்டைத் தானே திறந்தாள்.

அந்தப் படம் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, மில்லுக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் போட்டோம். ஏழுமலை உருண்டு புரண்டதற்கெல்லாம் மண்டபம் அதிர்ந்தது, கொஞ்சம் தலைக்கனத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் ஸ்டெல்லா தூங்கும் காட்சி வந்தது. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நீளமாகவே விட்டிருந்தேன். ஒரு டைரக்டராக இன்றைக்குக் கேட்டாலும் அது நீளம் அதிகம் என்றுதான் சொல்வேன். முன்வரிசையில் யாரோ ஒருவன் விசிலடித்துச் சிரித்தான்.

ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒரு பெண், கோட்டுகூடக் கழற்றாதவள், எனக்கு யாரென்று தெரியாது, அவன் பக்கம் திரும்பினாள்.

"சும்மா இருய்யா. இப்பத்தான் கண்ணசந்தா."

அவன் அடங்கினான். அந்தக் காட்சி முடிகிறவரைக்கும் மண்டபத்தில் ஒருத்தரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை.